பாதையின் உரிமையும் கமெராவின் கண்ணும்

பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1999 முதல் 2001 வரை நியூயோர்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் எடுத்த படங்கள் ‘தலைகள்’ என்ற பொதுத் தலைப்பில் அறியப்படுகின்றன. வீதியிலிருந்த சாரம் ஒன்றின் மேல் மின்வெட்டு விளக்குகளைப் பொருத்தி, அவை நடைபாதையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஒளி பாய்ச்சும்படி ஒழுங்கு செய்துவிட்டு, நீண்ட வில்லை பூட்டிய கமெராவுடன் அவர் தொலைவில் காத்திருந்தார். அந்த இடத்தைக் கடந்து சென்ற எவரும் தாம் படம் பிடிக்கப்படுவதை அறிந்திருக்கவில்லை. இவ்வாறு திரண்ட ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து பதினேழை மட்டும் தெரிவு செய்து, 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே நகரின் கலைக்கூடமொன்றில் அவர் காட்சிக்கு வைத்தார்.

இப்படங்களின் கலைப் பெறுமானத்தை மறுப்பது நேர்மையாகாது. பட்டப்பகலில், உலகின் சனநெரிசல் மிகுந்த சந்திகளுள் ஒன்றில் எடுக்கப்பட்டவை அவை. ஆயினும் படங்களில் சந்தியும் இல்லை, சனமும் இல்லை. பின்னணி முழுதும் இருளாக, அவ்விருளிலிருந்து ஒரே ஒரு முகம் மட்டும் ஒளியில் எழுந்து வருகிறது. பழைய ஐரோப்பிய ஓவியங்களில் துறவிகளின் முகங்கள் ஒளிரும் விதம் நினைவுக்கு வரும். எவரும் தம்மைப் பார்க்கவில்லை என்று நம்பும் வேளையில் மனித முகம் எத்தகைய தோற்றம் கொள்ளும் என்பதை இப்படங்கள் அறியத் தருகின்றன. கண்கள் வெளியே எதையும் நோக்கவில்லை. அவை உள்முகமாகத் திரும்பியிருக்கின்றன. கடனையோ நோயையோ மறந்துபோன எதையோ எண்ணிக்கொண்டு செல்லும் முகங்கள் இவை. பெருநகரின் கூட்டத்துக்கு நடுவே ஒவ்வொருவரும் எத்துணை தனியர் என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன படைப்புகள் புகைப்படக் கலையில் மிகச் சிலவே. நமது விமர்சனம் இந்த ஒப்புதலிலிருந்தே தொடங்க வேண்டும். படங்கள் தரமற்றவையாயின் பிரச்சினையே எழாது.

தொடரின் பதின்மூன்றாம் படம் ஒரு முதியவருடையது. கறுப்புத் தொப்பி, கறுப்பு மேலங்கி, நீண்ட வெண்தாடி. ஹஸீதிய யூதப் பிரிவைச் சேர்ந்த அம்மனிதர், தமது முகம் கலைக்கூடத்தில் தொங்கியதையும், நூலொன்றில் அச்சாகியதையும், படத்தின் பிரதிகள் பத்து மட்டும் அச்சிடப்பட்டு ஒவ்வொன்றும் 20,000 டொலருக்கும் அதிகமாக விலைபோனதையும் 2005ஆம் ஆண்டிலேயே அறிந்தார். அறிந்ததும் வழக்குத் தொடர்ந்தார். அவரது முறையீட்டில் இரு கூறுகள் இருந்தன. ஒன்று, அனுமதியின்றித் தமது முகம் பயன்படுத்தப்பட்டது என்பது. மற்றையது, உருவங்களைச் செய்வதைத் தடுக்கும் வேதக் கட்டளைக்குத் தாம் கொடுக்கும் விளக்கத்தின்படி அப்படம் தமது சமய வாழ்வுக்கே இழைக்கப்பட்ட ஊறு என்பது.

2006இல் நியூயோர்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. முதியவரின் மனவேதனை உண்மையானது என்பதை நீதிபதி மறுக்கவில்லை. எனினும் அப்படம் கலை, வணிக விளம்பரமன்று, ஆகவே கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். வழக்கு மேன்முறையீடுகளைக் கடந்து 2007இல் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தபோது அது வேறொரு காரணத்தால் முடிந்துபோனது. படம் முதன்முதலாக வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். தம்மைப் படம் பிடித்ததையே அறியாத ஒருவர், கலைக்கூடங்களுக்குள் காலெடுத்து வைக்கும் வழக்கமில்லாத ஒருவர், அந்த ஓராண்டுக்குள் அதை எவ்வாறு அறிந்திருப்பார் என்ற வினாவுக்குச் சட்டத்தில் இடமில்லை. இரகசியமாகப் பார்ப்பவனுக்கு அந்த இரகசியமே காலாவதியின் பாதுகாப்பையும் பெற்றுத் தருகிறது.

இச்சட்டத்தின் வரலாறு சுவையானது. 1888இல் கோடக் நிறுவனம் யாவரும் கையாளக்கூடிய சிறு கமெராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் படம் பிடிக்கப்படுவோர் அசையாது அமர்ந்திருக்க வேண்டும். அதாவது, அவர்களது சம்மதம் தொழில்நுட்பத்துக்கே அவசியமாயிருந்தது. அந்த அவசியம் நீங்கிய இரண்டே ஆண்டுகளில், 1890இல், வொரன், பிராண்டைஸ் என்ற இரு சட்டத்தரணிகள் ஹார்வர்ட் சட்ட ஏட்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை தனிமைக்கான உரிமையை முன்வைத்தது. அவர்களை எழுதத் தூண்டியவற்றுள் உடனடிப் புகைப்படமும் ஒன்று. 1902இல் நியூயோர்க் மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவளது அனுமதியின்றி மாவு விளம்பரத்தில் 25,000 பிரதிகள் அச்சிட்டு ஒட்டிய வழக்கில், அவளுக்குத் தன் முகத்தின் மீது அத்தகைய உரிமை எதுவுமில்லை என நான்குக்கு மூன்று என்ற வாக்குகளால் நீதிபதிகள் தீர்த்தனர். மக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டே சட்டமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. ஆனால் அது விளம்பரத்துக்காகவோ வர்த்தகத்துக்காகவோ ஒருவரது உருவத்தைப் பயன்படுத்துவதை மட்டுமே தடுத்தது. முகம் ஒரு பண்டமாகும்போது மட்டும் சட்டம் கண் திறக்கிறது. 20,000 டொலருக்கு விற்கப்படும் கலைப்பொருள் அச்சட்டத்தின் பார்வையில் பண்டமன்று.

உலகமெங்கும் இதுவே நிலை என்று கொள்ளலாகாது. கனடாவின் உயர் நீதிமன்றம் 1998இல் விசாரித்த வழக்கொன்று இதற்கு நேர்மாறான திசையில் சென்றது. மொன்றியல் நகரில் கட்டடமொன்றின் வாயிற்படியில் அமர்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படத்தைக் கலைச் சஞ்சிகையொன்று அவளைக் கேளாமலே வெளியிட்டது. விற்பனையான பிரதிகள் 722 மட்டுமே. படத்தில் இழிவு எதுவுமில்லை. எனினும் கியூபெக்கின் உரிமைச் சாசனத்தின்படி தன் உருவத்தின் மீதான உரிமை தனிமனிதரின் அந்தரங்க உரிமையின் ஒரு கூறு என ஏற்ற நீதிமன்றம், 2,000 டொலர் நட்டஈட்டை உறுதி செய்தது. தொகை சிறிது, தத்துவம் பெரிது. பொது இடத்தில் இருப்பதனாலேயே ஒருவர் பொதுப்பொருளாகிவிடுவதில்லை என்பதே அத்தத்துவம். இத்தீர்ப்பு வீதிப் புகைப்படக் கலையையே கொன்றுவிடும் என அன்று பலர் அஞ்சினர். மொன்றியலில் இன்றும் படங்கள் எடுக்கப்படுகின்றன.

இனி நமது பக்கம் வருவோம். புகைப்படம் பற்றி முஸ்லிம் உலகில் கடந்த நூற்றாண்டு முழுதும் நடந்த விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்தது. புகைப்படம் என்பது தடுக்கப்பட்ட உருவமைப்பா, இல்லையா என்பதே அது. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்முதீஈ, புகைப்படம் புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று, அல்லாஹ் படைத்த ஒன்றின் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என வாதித்து, அதனை ஆகுமாக்கித் தனி நூலொன்றே எழுதினார். கண்ணாடியில் விழும் விம்பத்தை ஒத்தது அது என்ற ஒப்புமையைப் பின்வந்த அறிஞர் பலரும் கையாண்டனர். மறுத்தோரும் இருந்தனர். இன்று இரு சாராரின் சட்டைப் பைகளிலும் கமெரா இருக்கிறது. விவாதம் தீர்ந்துவிட்டது என்பதைவிட, வாழ்க்கை அதைக் கடந்து சென்றுவிட்டது என்பதே பொருந்தும். (இவ்விடத்தில் இப்னுல் ஹைதமின் இருட்டறையை நினைவூட்டிப் பெருமிதம் கொள்வது நமது கட்டுரையாளரின் வழக்கம். அப்பெருமிதம் நியாயமானதே. ஆனால் ஒளி துளை வழியே எவ்வாறு நுழைகிறது என்ற அவரது வினாவும், அத்துளை வழியே யாரை யார் பார்க்கலாம் என்ற நமது வினாவும் வேறு வேறானவை.)

உருவம் பற்றிய அவ்விவாதத்தின் நிழலில் மறைந்துபோனது பார்வை பற்றிய விவாதம். நிழலைப் பிடிப்பது ஆகுமானதென்றே கொள்வோம். யாருடைய நிழலை, அவர் அறியாமல் பிடிக்கலாமா? இவ்வினாவுக்குரிய மூலங்கள் நமது மரபில் குறைவானவையல்ல. துருவித் துருவி ஆராய்வதை சூறா அல்ஹுஜுராத் தடுக்கிறது. தமது அறையின் துவாரத்தினூடே எட்டிப் பார்த்த ஒருவரை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்த நிகழ்ச்சியை ஸஹ்ல் இப்னு ஸஃத் (ரழி) அறிவிக்கிறார். அனுமதி கேட்கும் விதி வகுக்கப்பட்டதே கண்ணின் பொருட்டுத்தான் என்ற விளக்கமும் அந்த ஹதீஸிலேயே வருகிறது. கால் நுழைவதற்கு முன்னரே கண் நுழைந்துவிடுகிறது என்பதை உணர்ந்த விதி இது.

ஆனால் இவை வீட்டுக்குரிய விதிகள், வீதி எல்லோருக்கும் பொதுவானதல்லவா என்று கேட்கலாம். நியூயோர்க் நீதிமன்றத்தின் தருக்கமும் அடிப்படையில் இதுவே. இதற்குத்தான் அபூஸஈத் அல்குத்ரீ (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் நமக்கு முக்கியமாகிறது. பாதைகளில் அமர்வதை நபியவர்கள் தவிர்க்கச் சொன்னபோது, பேசிக்கொள்ள எமக்கு வேறு இடமில்லையே என்றனர் தோழர்கள். அவ்வாறாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். அவ்வுரிமைகளுள் முதலாவதாகச் சொல்லப்பட்டது பார்வையைத் தாழ்த்துவது. அடுத்தது பிறருக்குத் துன்பம் தராமை, ஸலாத்துக்குப் பதில் கூறுதல் முதலியன. இங்கு நாம் அவதானிக்க வேண்டியது, பாதையில் அமர்வோருக்கு உரிமை வழங்கப்படவில்லை. பாதைக்கு உரிமை வழங்கப்பட்டிருக்கிறது என்பதாகும். அமர்ந்திருப்பவன் கடன்பட்டவன். கடந்து செல்பவன் அக்கடனைப் பெற வேண்டியவன். டைம்ஸ் சதுக்கத்தில் விளக்குப் பொருத்திக் காத்திருந்தவரும் பாதையில் அமர்ந்தவரே.

எதிர்பாராமல் விழும் முதற் பார்வை மன்னிக்கப்பட்டது, தொடரும் இரண்டாம் பார்வை அவ்வாறன்று என அலீ (ரழி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையும் அறியப்பட்டதே. அது ஆண், பெண் பார்வை தொடர்பாகச் சொல்லப்பட்டது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அதிலுள்ள பகுப்பு கமெராவுக்கு வியக்கத்தக்கவாறு பொருந்துகிறது. நகர வாழ்வில் ஒருவர் முகம் மற்றவர் கண்ணில் படுவது முதற் பார்வை. அது பட்டதும் கரைந்துவிடும். அந்தக் கரைதலை நம்பியே நாம் வீதியில் இறங்குகிறோம். கமெரா செய்வதெல்லாம் அம்முதற் பார்வையைக் கரையவிடாமல் தடுத்து, முடிவில்லாத இரண்டாம் பார்வையாக மாற்றுவதுதான்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதம் வலுவானது. அனுமதி கேட்டால் முகம் மாறிவிடும். கேட்கப்பட்ட முகம் தன்னை ஒழுங்கு செய்துகொள்ளும், புன்னகைக்கும், பொய் சொல்லும். கேட்டுத்தான் எடுக்க வேண்டுமாயின் கடந்த நூற்றாண்டின் சாதாரண மக்களது வாழ்க்கைப் பதிவுகளில் பெரும் பகுதி நமக்குக் கிட்டாமலே போயிருக்கும். இஸ்தான்பூலின் அரா கூலரை எடுத்துக்கொள்வோம். 1950களில் கலாத்தா பாலத்தருகே சுமையாளர்களையும் படகோட்டிகளையும் தேநீர்க் கடைகளில் குந்தியிருந்தோரையும் அவர் படம் பிடித்திராவிட்டால், பின்னர் இடித்தழிக்கப்பட்ட அந்த இஸ்தான்பூலுக்கு இன்று சாட்சிகள் குறைவு. 2018இல் மறைந்த அவர் தம்மைக் கலைஞர் என அழைப்பதை விரும்பவில்லை, செய்தியாளர் என்றே சொல்லிக்கொண்டார். அப்படங்களில் மனிதரோடு அவரது வேலையும் இருக்கிறது, தெரு இருக்கிறது, மழையில் நனைந்த கற்கள் இருக்கின்றன. ஒருவர் தம் ஊரில், தம் தொழிலோடு நிற்கிறார். டிகோர்சியாவின் ஒளி இவை யாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தொடருக்கு அவர் இட்ட பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

வோக்கர் எவன்ஸின் முறை வேறு. 1938 முதல் 1941 வரை நியூயோர்க்கின் நிலக்கீழ் ரயில்களில், கறுப்பு நிறம் பூசிய சிறு கமெராவை மேலங்கிக்குள் மறைத்து, வில்லை மட்டும் பொத்தான்களுக்கிடையே வெளித்தெரிய, கை வழியே இறங்கிய கம்பியால் அதனை இயக்கி, எதிரே அமர்ந்திருந்தோரை அவர் படம் பிடித்தார். இதைவிட ஒளிவுமறைவான முறை இருக்க முடியாது. ஆனால் அப்படங்களை அவர் 1966 வரை நூலாக வெளியிடவில்லை. கால் நூற்றாண்டு! அதற்குள் குழந்தைகள் வளர்ந்து வேறு முகம் பெற்றிருப்பர், முதியோரில் பலர் மறைந்திருப்பர். தம் செயலைப் பற்றிப் பின்னாளில் பேசும்போது தம்மை ஓர் ஒற்றனாகவே கருதி வருத்தமும் தெரிவித்திருக்கிறார். இத்தாமதம் குற்றத்தை நீக்கிவிடுகிறதா என்று கேட்டால், முற்றாக இல்லை என்போம். ஆனால் தாம் எடுத்தது பிறருக்குரிய ஒன்று என்ற அறிவு அவரிடம் இருந்தது. எடுத்த மறுகணமே உலகுக்குக் காட்டிவிடும் இன்றைய கைப்பேசிப் பழக்கத்தின் அருகில் வைத்துப் பார்க்கையில், அந்த இருபத்தைந்து ஆண்டுகள் ஒருவகை அதபாகவே தோன்றுகின்றன.

இக்கலையின் மொழியும் ஆராயத்தக்கது. ஆங்கிலத்தில் படம் எடுப்பதற்கு வழங்கும் சொற்கள் சுடுதலையும் பிடித்தலையும் குறிப்பவை. 1952இல் வெளியான ஹென்றி கார்த்தியே-ப்ரெசோனின் புகழ்பெற்ற தொகுப்பு ஆங்கிலத்தில் ‘தீர்க்கமான கணம்’ என்ற கம்பீரமான பெயரால் அறியப்படுகிறது. பிரெஞ்சு மூலத் தலைப்போ அனுமதியற்ற நடைபாதை வியாபாரி பொலிஸாருக்குப் பயந்து அவசர அவசரமாகத் தொழில் நடத்தும் பாங்கைக் குறிப்பது. களவுத்தனத்தை ஒப்புக்கொள்ளும் தலைப்பு அது. மொழிபெயர்ப்பில் அந்த ஒப்புதல் மறைந்து, கலைஞனின் மேதைமை மட்டும் எஞ்சியது. தம் முகத்தைப் பிறர் படமெடுப்பதை கார்த்தியே-ப்ரெசோன் வெறுத்து ஒதுங்கினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. தெரியாதவராக இருந்தால்தான் தொழில் செய்ய முடியும் என்பது அவரது நியாயம். அந்த நியாயம் வழிப்போக்கருக்கும் உண்டு.

2020இல் புஜிபில்ம் நிறுவனம் புதிய கமெராவொன்றை அறிமுகப்படுத்த வெளியிட்ட காணொளியில், ஜப்பானியக் கலைஞர் ஒருவர் தோக்கியோ வீதிகளில் எதிரே வருவோரின் முகத்துக்கு நேரே கமெராவை நீட்டுவதும், அவர்களிற் சிலர் ஒதுங்குவதும் இடம்பெற்றன. கண்டனம் எழுந்ததும் நிறுவனம் அதனை அகற்றிவிட்டது. அக்கலைஞர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. இக்கலையில் பல்லாண்டுகளாகப் போற்றப்பட்டு வந்ததையே செய்தார். படத்தில் கமெரா காட்டும் முகத்தை மட்டும் கண்டு வந்த பார்வையாளர், அம்முகத்தின் எதிரே நீளும் கையை அன்றுதான் கண்டனர்.

அரசுகளே சந்திக்குச் சந்தி கமெரா பொருத்தியிருக்கும்போது கலைஞனை மட்டும் கடிந்துகொள்வானேன் என்பது இன்னொரு வாதம். நம்மைப் பொறுத்தவரை இவ்வாதம் தலைகீழாகவே பொருள் தருகிறது. ‘தலைகள்’ காட்சிக்கு வந்த அதே 2001 செப்டம்பருக்குப் பின்னர் நியூயோர்க் முஸ்லிம்களின் நிலை என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம். அந்நகரப் பொலிஸ் திணைக்களம் பள்ளிவாசல்கள், உணவகங்கள், மாணவர் சங்கங்கள் ஆகியவற்றை இரகசியமாகக் கண்காணித்து வந்ததை 2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். தொழுகைக்கு வந்தோரின் படங்கள் எடுக்கப்பட்டன, வாகன இலக்கங்கள் குறிக்கப்பட்டன. அதற்கெனச் செயற்பட்ட சிறப்புப் பிரிவு 2014இல் கலைக்கப்பட்டது. தாடியும் தொப்பியும் கொண்ட ஒருவரைத் தொலைவிலிருந்து, அவரறியாமல், முகம் தெளிவாகத் தெரியும்படி பிடித்த படம் கலைக்கூடச் சுவரில் ஒரு பொருளையும் பொலிஸ் கோப்பில் வேறொரு பொருளையும் தருகிறது. எடுக்கும் முறையில் வேறுபாடு இல்லை. முகத்தை அடையாளம் காணும் மென்பொருட்கள் வந்துவிட்ட இன்று, முதலாவது படம் இரண்டாவதாக மாறுவதற்கு எவரும் அதைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டியதுமில்லை. கலைஞன் ஒற்றனல்லன் என்பதை ஏற்போம். ஆயினும் ஒற்றனின் பார்வைக்கு அழகியலொன்றை ஆக்கிக் கொடுத்த பொறுப்பிலிருந்து அவன் முற்றாக விலக முடியாது.

இவ்வளவு சொன்ன பின்னர், வீதியில் அறியாதாரைப் படமெடுப்பதையே முழுதாக விலக்கிவிட வேண்டும் என்பது நமது நிலைப்பாடாக இருக்கும் என வாசகர் எண்ணக்கூடும். அவ்வாறில்லை. விலக்குவது எளிது, விலக்கிவிட்டு அரா கூலரின் இஸ்தான்பூலை இரசிப்பது போலித்தனம். நாம் கேட்பது, படத்தைப் படமாக மதிப்பிடும்போதே அப்பார்வையின் ஒழுக்கத்தையும் மதிப்பீட்டின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்பதை. கலை விமர்சகர் இதனைச் சட்டத்தரணியின் வேலையென்று ஒதுக்கிவிடுகிறார். சட்டத்தரணியோ கலை என்ற சொல்லைக் கண்டதும் வழக்கை மூடிவிடுகிறார். பார்வையின் ஒழுக்கம் படத்துக்கு வெளியே உள்ள ஒன்றன்று. எங்கே நிற்பது, எவ்வளவு அருகில் செல்வது, எதை விட்டுவிடுவது என்ற கலைத் தீர்மானங்களிலேயே அது படிந்திருக்கிறது.

இதற்கு கார்த்தியே-ப்ரெசோனிடமிருந்தே உதாரணம் காட்டலாம். 1948இல் அவர் ஸ்ரீநகரில் எடுத்த படமொன்று உலகெங்கும் அறியப்பட்டது. ஹரி பர்பத் குன்றின் சரிவில், அதிகாலையில், முஸ்லிம் பெண்கள் சிலர் பிரார்த்தனையில் இருக்கின்றனர். அவர்களிடம் அனுமதி கேட்கப்பட்டதென எண்ண இடமில்லை. ஆனால் கலைஞர் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார். நமக்குத் தெரிவன பெரிதும் முதுகுகளும், தலை முதல் தரை வரை வீழும் துணியின் மடிப்புகளுமே. முன்னே சென்று முகங்களைப் பிடித்திருக்கலாம், காஷ்மீரின் வரலாற்றில் அந்த ஆண்டு அம்முகங்களுக்கு விலையும் இருந்திருக்கும். அவர் செல்லவில்லை. படம் அதனால் எதையும் இழக்கவில்லை. எழுந்து நிற்கும் பெண்ணொருத்தி இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை வானை நோக்கி விரித்திருக்கிறாள். அவளது முகத்தில் என்ன இருந்தது என்பது அவளுக்கும் அவள் யாரை நோக்கிக் கையேந்தினாளோ அவனுக்கும் மட்டுமே தெரியும். பார்வையாளராகிய நாம் அவளைப் பார்க்க முயன்று, முடியாமல், அவள் பார்த்த திசையில் பள்ளத்தாக்கையும் மேகத்தையும் மலைகளையும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.